கிளி எடுக்காத சீட்டு

கம்ப்யூட்டரை ஜோக் சொல்ல வைக்க ஒரு வரி போதும். எந்த ஜோக், யாரிடம், எப்போது என்பதில்தான் சிக்கல்.

கறுப்புத் திரை. அதில் விட்டு விட்டு மின்னும் ஒரு சின்னக் கட்டம். யூனிக்ஸ் அல்லது லினக்ஸ் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்திருப்பவர் ‘ஃபார்ச்சூன்’ என்ற ஆங்கில வார்த்தையைத் தட்டுகிறார். சம்பளப் பட்டியல் வரவில்லை. கடிதம் அச்சாகவில்லை. ஒரு ஜோக் வருகிறது. மறுபடி தட்டினால் ஒரு பொன்மொழி. மூன்றாவது முறை, கெடக்கூடியது எதுவோ அது கெட்டே தீரும் என்ற ரகத்தில் ஒரு விதி. அடுத்து என்ன வரும் என்பது தட்டியவருக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்கும் தெரியாது.

உருப்படியாக எந்த வேலையும் செய்யாத இந்தப் புரோகிராம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உயிரோடு இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் 1979-ல் வெளியிட்ட யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், விளையாட்டுகளுக்கென்று ஒதுக்கிய பகுதியில் இது இருந்தது. அந்தக் காலத்தில் கோடிக்கணக்கில் விற்ற எத்தனையோ வணிக சாஃப்ட்வேர்களை இன்று யாருக்கும் நினைவில்லை. ஃபார்ச்சூனை இன்றைக்கும் லினக்ஸில் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம்.

பெயர் வந்தது சாப்பாட்டுக் கடையிலிருந்து. அமெரிக்காவில் உள்ள சீன ஓட்டல்களில் சாப்பிட்டு முடித்ததும் பில்லோடு சேர்த்து மடித்த பிஸ்கட் ஒன்றைத் தருவார்கள். உடைத்தால் உள்ளே துண்டுச் சீட்டு. அதில் ஆரூடமோ புத்திமதியோ ஒரு வரி இருக்கும். சீனப் பண்டம் என்று பெயர் வாங்கிவிட்டாலும் இதன் வேர் ஜப்பானில் இருக்கிறது. சீட்டு வைத்த பிஸ்கட்டுகள் 19-ம் நூற்றாண்டிலேயே அங்கே வழக்கத்தில் இருந்தன. நம் வாசகருக்கு விளக்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கிளி ஜோசியக்காரரின் கூண்டு போதும். கதவு திறக்கும். கிளி வெளியே வரும். அடுக்கிலிருந்து ஒரு சீட்டை அலகால் இழுத்துப் போடும். நெல்மணியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஃபார்ச்சூன் என்பது நெல் கேட்காத கிளி.

அந்தக் கிளியை யார் வேண்டுமானாலும் வளர்க்கலாம் என்பதுதான் யூனிக்ஸின் விசேஷம். ஏழாம் பதிப்பில் ஃபார்ச்சூனுடன் சேர்ந்து வந்த இன்னொன்று, ஸ்டீவ் போர்ன் எழுதிய ஷெல். பயனாளர் தட்டும் கட்டளையை வாங்கி உள்ளே சேர்க்கும் இடையாள் இது. ஒவ்வொரு கட்டளையாகத் தட்டிக்கொண்டிருக்காமல், நாலைந்து கட்டளைகளை ஒரு ஃபைலில் எழுதிவைத்து, அந்த ஃபைலையே ஒரு கட்டளை போல ஓட்டலாம். அதற்குப் பெயர் ஷெல் ஸ்கிரிப்ட். கம்ப்யூட்டர் படித்துப் பட்டம் வாங்கியிருக்க வேண்டியதில்லை. கேரளத்து அரசுப் பள்ளிகளில் லினக்ஸ் பழகும் மாணவனோ மாணவியோ ஒரு மதிய இடைவேளையில் எழுதிவிட முடியும்.

செய்ய வேண்டியது இரண்டே காரியம். முதலில், ஒரு ஃபைலில் வரிக்கு ஒன்றாக ஜோக்குகளை எழுத வேண்டும். அடுத்து, ‘ஷஃப்’ என்ற கட்டளையிடம் அந்த ஃபைலின் பெயரைச் சொல்லி, ஒரு வரி மட்டும் போதும் என்று கேட்க வேண்டும். சீட்டுக் கட்டைக் கலைப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள வார்த்தையின் சுருக்கம்தான் ஷஃப். அது ஃபைலைக் கலைத்து ஒரு வரியை எடுத்துத் திரையில் போடும். இந்த ஒற்றை வரியை ஃபைலாகச் சேமித்துப் பெயர் வைத்தால் ஸ்கிரிப்ட் தயார். பாக்கியெல்லாம் அலங்காரம். டோனி மன்றோ என்பவர் எழுதிய ‘கௌசே’ என்ற புரோகிராமுக்கு அந்த வரியை அனுப்பினால், எழுத்துகளாலேயே வரைந்த பசு மாடு ஒன்று அந்த ஜோக்கைச் சொல்வது போலத் திரையில் தோன்றும். லினக்ஸ் மின்ட்டின் பழைய பதிப்புகளில் டெர்மினலைத் திறந்தாலே இப்படி ஏதாவது ஒரு பிராணி பேச ஆரம்பித்துவிடும்.

இவ்வளவு சுலபமான காரியத்தில் கோளாறு எங்கே வரும்? ‘ஏதாவது ஒன்று’ என்ற சொல்லில் வரும். கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்யும் யந்திரம். ஏதாவது ஒன்றை எடு என்றால் அதற்குப் புரியாது. எத்தனையாவது என்று எண் சொல்ல வேண்டும். அந்த எண்ணை எங்கிருந்து பிடிப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

சிலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். இப்போது மணி பத்து இருபது ஆகி முப்பத்தேழு விநாடி என்றால் முப்பத்தேழாவது ஜோக். யோசனை மோசமில்லை. ஆனால் ஒரு நிமிடத்துக்கு அறுபது விநாடிகள்தான். ஃபைலில் இருநூறு ஜோக்குகள் இருந்தால் அறுபதுக்கு மேல் உள்ள நூற்று நாற்பதும் ஒருநாளும் வெளியே வராது. எழுதியவர் தவிர வேறு யாரும் படிக்காத ஜோக்குகள் அவை.

பிறகு வந்த ‘பாஷ்’ என்ற ஷெல்லில் இதற்கென்றே ‘ரேண்டம்’ என்ற மாறி இருக்கிறது. கேட்கும்போதெல்லாம் 0 முதல் 32,767 வரை ஏதாவது ஒரு எண்ணைத் தரும். அதை ஜோக்குகளின் எண்ணிக்கையால் வகுத்து மீதியை எடுத்துக்கொள்வது வழக்கம். நூறு ஜோக்குகளுக்கு இது போதும். பத்தாயிரம் ஜோக்குகள் இருந்தால் கணக்கு கொஞ்சம் இடிக்கும். 32,768 எண்களைப் பத்தாயிரம் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்று போக 2,768 மிஞ்சும். அந்த மிச்சம் முதல் 2,768 ஜோக்குகளுக்கே போய்ச் சேரும். அவற்றுக்கு நான்கு வாய்ப்பு, மற்றவற்றுக்கு மூன்று. பந்தியில் முன்வரிசைக்கு மட்டும் இன்னொரு வடை விழுவது போல. ஐம்பதாயிரம் ஜோக்குகள் சேர்த்து வைத்த மகா ரசிகருக்கு நிலைமை இன்னும் மோசம். 32,768-க்கு அப்பால் உள்ளவற்றுக்கு இலையே போடப்படாது. 2020-ல் வந்த பாஷ் 5.1 பதிப்பில்தான் நானூறு கோடிக்கும் மேற்பட்ட எண்களிலிருந்து ஒன்றைத் தரும் புதிய மாறி சேர்க்கப்பட்டது.

வேடிக்கையான கோளாறு இன்னொன்று உண்டு. 2006-ல் உபுண்டு லினக்ஸ் தனது வழக்கமான ஷெல்லை மாற்றி, ‘டாஷ்’ என்ற சிறிய ஷெல்லை வைத்தது. கம்ப்யூட்டர் வேகமாகக் கிளம்ப வேண்டும் என்பது நோக்கம். ஆனால் டாஷுக்கு ரேண்டம் என்றால் என்னவென்றே தெரியாது. தெரியாத மாறியைக் கணக்கில் கொடுத்தால் அது பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பூஜ்யத்தை எதனால் வகுத்தாலும் மீதி பூஜ்யம்தான். ஆகவே ஸ்கிரிப்ட் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் சமர்த்தாக ஓடும். எத்தனை முறை தட்டினாலும் முதல் ஜோக்கையே சொல்லும். கிளி ஒரே சீட்டை எடுத்துக்கொண்டே இருந்தால் ஜோசியக்காரருக்கு உடனே தெரிந்துவிடும். ஸ்கிரிப்ட் எழுதியவருக்கு அது தெரிய நாளாகலாம்.

இத்தனை அவஸ்தைக்கும் 1979-லேயே அழகான விடை இருந்தது. ஏழாம் பதிப்பின் ஃபார்ச்சூன், ஃபைலில் எத்தனை ஜோக்குகள் என்று எண்ணுவதே இல்லை. முதல் வரியைப் படித்ததும் அதை நாற்காலியில் உட்கார வைக்கும். இரண்டாவது வரி வந்ததும், இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பில் முதல்வரை எழுப்பிவிட்டு அதை உட்கார வைக்கும். மூன்றாவது வரிக்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு, நான்காவதற்கு நான்கில் ஒரு பங்கு. ஃபைல் முடியும்போது நாற்காலியில் யார் இருக்கிறாரோ அவரே அன்றைய விருந்தாளி. போட்டுப் பார்த்தால் எல்லோருக்கும் துல்லியமாகச் சம வாய்ப்பு கிடைத்திருப்பது தெரியும். மூன்று வரி ஃபைலில் முதல் வரி கடைசி வரை தாக்குப்பிடிக்க, முதலில் இரண்டில் ஒன்று, பிறகு மூன்றில் இரண்டு. இரண்டையும் பெருக்கினால் மூன்றில் ஒன்று. அந்தக் காலத்து பிடிபி-11 கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமுக்குக் கிடைத்த இடம் சில பத்து கிலோபைட்டுகள்தான். முழு ஃபைலையும் உள்ளே இழுத்துப் போட முடியாது. இந்த முறையில் இரண்டு வரிகளுக்கு இடம் இருந்தால் போதும். குடிசைக்கு ஏற்ற தந்திரம்.

அதே புரோகிராமில் எழுதியவரின் குறும்பும் இருந்தது. ஜோக்குகளின் ஃபைல் காணாமல் போயிருந்தால், ‘ஃபைல் இல்லை’ என்று அது சொல்லாது. நினைவகத்தில் கோளாறு, எல்லாம் கொட்டிவிட்டது என்ற பொருளில் அந்தக் காலத்துப் புரோகிராமர்களின் வயிற்றைக் கலக்கிய பிழைச் செய்தியைத் திரையில் போடும். உண்மையில் எதுவும் கெட்டிருக்காது. சொல்ல ஜோக் இல்லாதபோது சொல்வதற்கென்று வைத்திருந்த ஜோக் அது.

சம வாய்ப்பு கொடுத்துவிட்டால் மனிதர்கள் திருப்தி அடைந்துவிடுவார்களா? மாட்டார்கள். நூறு ஜோக்குகள் உள்ள ஃபைலிலிருந்து நேர்மையாக ஒன்றொன்றாக எடுத்தால், பதின்மூன்று முறைக்குள் ஏதாவது ஒரு ஜோக் திரும்ப வந்துவிடும் வாய்ப்பு பாதிக்கு மேல். நூறையும் ஒரு முறையாவது பார்த்து முடிக்கச் சராசரியாக 519 முறை தட்ட வேண்டியிருக்கும். ‘இதே ஜோக்தானே முந்தாநாளும் வந்தது, உன் புரோகிராம் சரியில்லை’ என்று பக்கத்து மேஜைக்காரர் புகார் சொல்வார். புரோகிராம் சரியாகத்தான் இருக்கிறது. தற்செயல் என்றால் திரும்ப வராதது என்று மனித மனம் நினைத்துக்கொள்வதுதான் பிரச்னை. பாட்டுகளைக் கலைத்துப் போடுவதில் இதே புகார் வந்து, 2005-ல் ஆப்பிள் நிறுவனம் ஐட்யூன்ஸில் ஒரே பாடகரின் பாட்டுகள் அடுத்தடுத்து வராமல் மாற்றிக்கொள்ள வசதி செய்தது. தற்செயலாகத் தோன்றுவதற்காகத் தற்செயலைக் குறைத்தார்கள். ஜோக் ஸ்கிரிப்டுக்கும் அதே வைத்தியம். முழு ஃபைலையும் ஒரு முறை கலைத்து வைத்துக்கொண்டு, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, தீர்ந்ததும் மறுபடி கலைக்க வேண்டும். சீட்டாடுகிறவர்கள் காலம் காலமாகச் செய்வது.

எண்ணைப் பிடித்தாயிற்று. அடுத்த கேள்வி, ஜோக்கை எங்கே சொல்வது. கம்ப்யூட்டருக்குள் நுழைந்ததும் முதலில் ஒரு ஜோக் வரட்டும் என்று பெரும்பாலோர் விரும்புவார்கள். ஷெல் தொடங்கும்போது தானாக ஓடும் ஃபைல் ஒன்று இருக்கிறது. அதன் கடைசியில் ஸ்கிரிப்டின் பெயரை எழுதிவிடுவார்கள். மறுநாள் இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து ஃபைல் அனுப்ப முயன்றால் அனுப்ப முடியாது. திரையில் ‘செய்தி மிக நீளம்’ என்று ஒரு புகாரும் பக்கத்தில் பத்து இலக்க எண் ஒன்றும் இருக்கும்.

காரணம் இதுதான். ஃபைலை வாங்க வரும் புரோகிராமும் அதே வாசல் வழியாகத்தான் நுழைகிறது. அதற்கும் ஷெல் மரியாதையாக ஜோக் சொல்கிறது. அதுவோ சிரிக்க வந்ததல்ல. முதல் நான்கு பைட்டுகளில் வரப்போகும் செய்தியின் நீளம் இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தது. ஜோக்கின் முதல் நான்கு எழுத்துகளை எண்ணாக எடுத்துக்கொண்டு மிரண்டு போகிறது. வரவேற்பு வாசகம் ஆங்கிலத்தில் ‘ஹலோ’ என்று தொடங்கினால் அந்த எண் 1,214,606,444. அதாவது 121 கோடி பைட் நீளத்துக்குச் செய்தி வரப்போகிறது என்று அது நம்பிவிடுகிறது. அந்த ஆங்கில வார்த்தையின் முதல் நான்கு எழுத்துகளை மட்டும் சேர்த்துப் படித்தால் நரகம் என்று பொருள். விடிவதற்குள் போய்ச் சேர வேண்டிய கணக்கு ஃபைல் ஒன்று இதனால் நின்றுபோனால் அலுவலகத்தில் யாருக்கும் சிரிப்பு வராது. எதிரில் இருப்பது மனிதர்தானா என்று ஸ்கிரிப்டை முதலில் பார்க்கச் சொல்வது இதற்கு மருந்து. ஷெல்லில் அதற்கும் ஒரு வரி உண்டு.

எதிரில் மனிதர் இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கிறது. அவர் எப்படிப்பட்டவர், எந்த மனநிலையில் வந்திருக்கிறார் என்று எந்த வரியாலும் பார்க்க முடியாது.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து யூனிக்ஸுக்காக ஃபார்ச்சூனைப் புதிதாக எழுதியவர் கென் ஆர்னால்ட். ‘ரோக்’ என்ற புகழ்பெற்ற கம்ப்யூட்டர் விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர். வரிக்கு ஒன்று என்ற பழைய கட்டுப்பாடு அவரது ஃபார்ச்சூனில் இல்லை. ஒரு வாசகம் முடிந்ததும் தனி வரியில் ஒரு சதவீதக் குறி போட்டால் போதும். ஒவ்வொரு வாசகமும் எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை தனி ஃபைலில் இருக்கும். ஆகவே முழுவதையும் படிக்காமல் நேராக வேண்டிய இடத்துக்குத் தாவிவிடலாம். பல வரிகளில் எழுதலாம் என்றானதும் ஆளாளுக்கு எழுதிச் சேர்த்தார்கள். கதைகள், கவிதைகள், அசட்டு உரையாடல்கள். கூடவே பெண்களைப் பற்றி, மதங்களைப் பற்றி, இனங்களைப் பற்றி, ஆண்கள் மட்டும் உள்ள அறையில் அடிக்கப்படும் ரக ஜோக்குகளும் வந்து சேர்ந்தன.

அவற்றைத் தனியாகப் பிரித்து வைத்தார்கள். பிரத்தியேகமாகக் கேட்டால்தான் வரும். ஃபைலைத் திறந்து பார்ப்பவர் கண்ணில்கூடத் தற்செயலாகப் பட்டுவிடக் கூடாது என்று, ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளி எழுதும் ‘ராட்-13’ என்ற முறையில் மறைத்தும் வைத்தார்கள். மனம் புண்படத் தயார் என்று நெஞ்சறிய நம்பினால் மட்டுமே கேளுங்கள் என்று கையேடு கிட்டத்தட்டக் கையெடுத்துக் கும்பிட்டது. தயார் என்று சொன்னவரின் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பவரை யாரும் கேட்கவில்லை.

தெரியாத்தனமாகப் போட்ட கடவுச்சொல் தவறாகப் போனால் திட்டும் வசதியும் யூனிக்ஸ் உலகத்தில் உண்டு. நிர்வாகி அதிகாரத்தைப் பெற உதவும் ‘சுடோ’ கட்டளையில் ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டால், தப்பாகத் தட்டும்போதெல்லாம் ஒரு வசை தற்செயலாக வந்து விழும். பத்து வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அது தமாஷ். வேலையில் சேர்ந்து இரண்டாம் நாள், கைநடுங்கக் கடவுச்சொல் அடிப்பவருக்கு அது தமாஷ் இல்லை. அங்கே தன்னை யாரோ வேண்டாத ஆளாகப் பார்க்கிறார்கள் என்றே அவருக்குத் தோன்றும். சுடோவின் பிற்காலப் பதிப்புகளில் மிகவும் புண்படுத்தும் வசைகள் தானாகச் சேர்வதில்லை. வேண்டும் என்று சொல்லித் தொகுத்தால்தான் வரும்.

2017 நவம்பரில் ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் திட்டம் ஒரு முடிவெடுத்தது. ஃபார்ச்சூன் புரோகிராமை வைத்துக்கொண்டு, அதற்கு நாற்பது ஆண்டுகளில் சேர்ந்த வாசகத் தொகுப்புகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் நீக்கியது. ஃப்ரீபிஎஸ்டியைப் பயன்படுத்துவது எப்படி என்ற குறிப்புகள் போன்ற சில மட்டும் தப்பின. எதிர்ப்பு பலமாகவே இருந்தது. நகைச்சுவைக்குத் தணிக்கையா, பழைய யூனிக்ஸின் மணம் போய்விட்டதே என்று வருந்தியவர்கள் பலர். அவர்கள் வருத்தத்தில் நியாயம் உண்டு. அந்தத் தொகுப்புகளில் முகம் தெரியாத பலர் ரசித்து எழுதிய, யாரையும் நோகடிக்காத நல்ல கிண்டல்களும் ஏராளம். ஆனால் மறுதரப்பின் வாதத்தைத் தள்ளுவது சிரமம். ஒரு கம்ப்யூட்டர் அமைப்பைத் தயாரிப்பவர்கள் தங்கள் பெயரில் அனுப்பும் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பாளிகள். அதை யந்திரம் தற்செயலாக எடுத்தது என்பது பதிலாகாது.

வாசகம் யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. ‘ஈமாக்ஸ்’ என்ற எடிட்டரில், பில் கிரிஃபித் வரைந்த ஜிப்பி சித்திரக் கதையின் வசனங்களைத் தற்செயலாக எடுத்துப் போடும் கட்டளை ஒன்று இருந்தது. பதிப்புரிமைப் பிரச்னை காரணமாக வசனங்களை எடுத்துவிட்டார்கள். பொன்மொழிகளின் கதை வேறு. உலகத்துக்கே ஐந்து கம்ப்யூட்டர்கள் போதும் என்று 1943-ல் ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சன் சொன்னதாக ஒரு வாசகம் ஃபார்ச்சூன் தொகுப்பில் உண்டு. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. தொகுத்தவர்கள் ‘சொன்னதாகக் கருதப்படுகிறது’ என்ற குறிப்பைச் சேர்க்கத் தவறவில்லை. படித்துச் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் சொல்பவர் அந்தக் குறிப்பைச் சொல்வதில்லை.

தமிழில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஜோக்குக்குப் பதில் குறள் வரட்டும் என்று 1,330 குறள்களையும் அச்சில் உள்ளபடி இரண்டிரண்டு வரியாக ஃபைலில் எழுதிவிட்டு, வரிக்கு ஒன்று எடுக்கும் ஸ்கிரிப்டை ஓட்டினால் பாதிக் குறள்தான் வரும். சில நாள் முதலடி மட்டும், சில நாள் முடிவு மட்டும். பெர்க்லியின் சதவீதக் குறி இங்கே கைகொடுக்கும். இரண்டாவது, எழுத்துகளின் எடை. இன்று எங்கும் வழக்கத்தில் உள்ள யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ‘த’ என்பதற்கு மூன்று, ‘மி’ என்பதற்கு ஆறு, ‘ழ்’ என்பதற்கும் ஆறு. ஆக ‘தமிழ்’ என்று எழுத 15 பைட். திரை அகலத்துக்குள் அடங்கட்டும் என்று வரியை எண்பது பைட்டில் வெட்டினால் பெரும்பாலும் ஒரு எழுத்தின் நடுவில் கத்தி இறங்கும். அந்த இடத்தில் கேள்விக்குறியோ கட்டமோ நிற்கும். பசு மாடு தமிழ் பேசும்போது அதன் பேச்சைச் சுற்றிய கோடு நேராக நிற்காததும் இதே போன்ற எண்ணிக்கைக் குழப்பத்தால்தான். வெட்டாமல் விடுவது உத்தமம்.

மூன்றாவதாக ஒன்றும் செய்யலாம். எந்த மொழியில் எழுதினாலும் பொருந்தும். ஸ்கிரிப்டை ஊரறிய ஓட்டுவதற்கு முன், ஜோக்குகளின் ஃபைலை ஒரு முறை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வரிசையாகப் படித்துவிட வேண்டும். சீட்டைக் கிளி எடுக்கலாம், ஆனால் எந்தக் கிளியும் சீட்டு எழுதியதில்லை. வீட்டில் துக்கம் நடந்து இன்று காலைதான் வேலைக்குத் திரும்பியவர் முகத்துக்கு நேராக இதைச் சொல்ல முடியுமா? புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் இதைச் சொல்ல முடியுமா? முடியாது என்று தோன்றும் வரிகளை அழித்துவிடலாம். எந்த வரியும் என்றாவது ஒரு நாள் அவர்களில் ஒருவருக்கு வரத்தான் போகிறது. சம வாய்ப்பு என்பதற்கு அர்த்தமே அதுதான்.

அப்படி அழித்த பிறகு நூறில் அறுபது ஜோக்குகள்தான் மிஞ்சுகின்றன என்று வைத்துக்கொண்டால், பத்து முறைக்குள் ஏதாவது ஒன்று திரும்ப வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் ஆகிவிடும். பக்கத்து மேஜைக்காரர் மறுபடி புகார் சொல்வார். சொல்லட்டும். நல்ல ஜோக்கை இரண்டாவது முறையும் கேட்கலாம்.